ஏழாம் பதிப்பு

எளாவூர் சோதனைச்சாவடியில் எனக்கு இரவு முறை.
ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா.
பதினோரு வருடம் பில் பார்த்தவளுக்கு
முத்திரையின் மை காய்ந்த விதத்திலேயே தெரியும்
எது அலுவலகத்தில் அடித்தது,
எது பஞ்சர் கடையில்.

அந்தக் கண்ணைத்தான்
பிரெஞ்சு நாவல்களுக்கும் வைத்திருந்தேன்.
காரைக்கால் பள்ளிக்கூடம் கொடுத்த மொழி.
சம்பளத்தில் கால்வாசி தபாலில் போகும்;
மூன்று மாதம் கழித்து
பழுப்பாக, பூஞ்சை வாசத்தோடு திரும்பி வரும்.

நான்தான் முதல் பதிப்பு என்று
எந்தப் புத்தகமும் வாய் திறக்காது.
கடைசிப் பக்கத்தில்
அச்சகம் வேலை முடித்த தேதியைத் தேட வேண்டும்.
பின்னால் சேர்த்துத் தைத்த விலைப்பட்டியலில்
அடுத்த வருடத்து நாவல் இருந்தால்
பேசாமல் கீழே வைத்துவிட வேண்டும்.
பிரஸ்ஸல்ஸில் திருட்டுத்தனமாக அடித்தது
சில சமயம் பாரிஸுக்கு முன்பே கடைக்கு வந்துவிடும்.
முந்தி வந்ததெல்லாம் முதல் அல்ல.
பக்கம் வெட்டாத பிரதியில் கத்தி படக் கூடாது,
பட்டால் விலை பாதி.
நான் வெட்டியிருக்கிறேன், இரண்டு முறை.
முடிவு தெரியாமல் தூக்கம் வரவில்லை.

ஒரு மார்கழி இரவு,
பழைய காகிதம், ஒன்பது டன்,
தடாவுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆலைக்கு.
தார்ப்பாயைத் தூக்கி டார்ச் அடித்தேன்.
டெலிபோன் டைரக்டரிகளுக்கு நடுவே
மஞ்சள் அட்டை, பிரெஞ்சு எழுத்து.
கை நடுங்கியது நிஜம்.
பெயருக்குக் கீழே பொடியாக:
ஏழாம் பதிப்பு.
ஏழாவதா?
இருந்த இடத்திலேயே செருகினேன்.
டிரைவர் சீனய்யாவிடம்
போகலாம் என்று முத்திரை குத்திக் கொடுத்தேன்.

நாலு வருடம் கழித்து
லியோன் வியாபாரி ஒருவர் கடிதத்தில்,
வேறு எதையோ பற்றி எழுதும்போது, போகிறபோக்கில்:
அந்தப் பதிப்பாளர்
முதல் நாள் அடித்த பிரதிகளிலேயே
சிலவற்றின் அட்டையில் நான்காம் பதிப்பு,
சிலவற்றில் ஏழாம் பதிப்பு என்று போடுவாராம்,
சூடாக விற்கிறது என்று ஊர் நம்பட்டுமென்று.
ரிலீஸான மறுநாளே
வெற்றிகரமான நான்காவது வாரம் என்று
கும்மிடிப்பூண்டியில் போஸ்டர் ஒட்டுவார்களே, அது மாதிரி.
உள்ளே தலைப்புப் பக்கத்தில் எண் இருக்காது.
அதைத்தான் பார்க்க வேண்டும்.

உள்ளே திருப்பினேனா?

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனேன்.
எடைமேடை அறையில் மஸ்தானய்யா,
எடையும் போடுவார், டீயும் போடுவார்.
"அதெல்லாம் அன்னைக்கே கூழாயிருச்சும்மா" என்றார்.
அவர் தலைக்கு மேலே, ஆணியில், அது.
அட்டை மட்டும்.
பின்பக்கம் எழுத வசதியாக இருந்ததாம்.
பத்துப் பத்தாக அடித்த கோடுகள்,
மேலே தெலுங்கில் சீனய்யா,
நாற்பத்தாறு டீ.

விலை கேட்டேன்.
"பாக்கி வராம எப்படிம்மா கொடுக்கிறது?
அவன் நாயுடுபேட்டைப் பக்கம் போனவன், ஆளையே காணோம்."
இருநூற்று முப்பது ரூபாய் எண்ணி வைத்தேன்.
சிவப்புப் பேனாவால்
கோடுகளின் மேல் குறுக்கே ஒரு கிழி,
தேதி, கையெழுத்து.
ஒரு டீயும் கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை.

இது அந்த முதல் நாளின் பொய்யா,
நிஜமாகவே ஏழாவதா,
சொல்ல வேண்டிய பக்கம்
யார் வீட்டு நோட்டிலோ வெள்ளையாக இருக்கிறது.

என் பதிவேட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்:
மஞ்சள் அட்டை, புத்தகம் இல்லை.
முதுகில் ஓர் ஆணித்துளை.
உட்புறம் கையெழுத்துக் கணக்கு, தெலுங்கு, தீர்ந்தது.
வேறு பிரதி இருப்பதாகத் தெரியவில்லை.