கட்டை என்றால்

ஜாலான் டூத்தா நீதிமன்றம், மூன்றாம் மாடி.
குளிர்சாதனம் எலும்பைத் தேடுகிறது.
சாட்சிக் கூண்டில் தேவசகாயம்,
லோரி கிளீனர், கெப்போங்.
அவருக்கு இடப்பக்கம் நான். என் வேலை
அவர் வாயிலிருந்து விழுவதைத்
தரை தொடுமுன் பிடிப்பது.

நேற்று என் நாற்காலியில் வேறொருவர்.
'கட்டையால அடிச்சாங்க' என்றதற்கு
'காயு' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.
காயு என்றால் மரம்.
மரம் பதிவாகிவிட்டது.

இன்று வழக்கறிஞர் எழுந்து
ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் காட்டுகிறார்.
உள்ளே கறுப்பாக, முழங்கை நீளம், ரப்பர்.
போலீஸ்காரர்கள் சோத்தா என்கிறார்கள்,
இவர் பேட்டன் என்கிறார்.
(சோத்துக்கையில் பிடிப்பதால் சோத்தாவோ?
சிரிப்பை விழுங்கிக்கொண்டேன்.)
"இதில் மரம் எங்கே?
சாட்சி பொய் சொல்கிறார்."

யாங் ஆரிஃப், கட்டை என்றால்
மரம் மட்டுமல்ல, என்கிறேன்.
"வேறென்ன?"

வேறென்ன.
என் தம்பி ஐந்து கட்டையில் பாடுவான்.
அவன் பெண்டாட்டி ஆள் கட்டை.
செந்தூல் தமிழ்ப்பள்ளித் திடலில்
நான்கு பேர் கைமாற்றி ஓடிய
அலுமினியக் குழாய்கூட எங்களுக்குக் கட்டைதான்.
'கட்டையப் புடிடி' என்று கத்தியபடி
விமலேஸ்வரி ஓடிவந்தாள்.
திரும்பிப் பார்க்கக்கூடாது,
கையைப் பின்னால் விரித்து வைத்திருக்க வேண்டும்.
விரல் நுனியில் குளிர்ந்தது ஒரு கணம்,
பிறகு சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி
உருண்டுபோய்க் கால்வாயில் விழுந்தது.
நீ பிடிக்கவில்லை என்பாள் அவள்.
நீ கொடுக்கவில்லை என்பேன் நான்.
இருபத்தாறு வருடம்,
போன தீபாவளிக்கு முறுக்கு கொடுக்க வந்தபோதும்
அந்த வழக்கு முடியவில்லை.

ஒருமுறை ஓசிச் சீட்டில்
இரட்டைக் கோபுரத்தடியில் கச்சேரி.
வயலின்களுக்கு முன்னால் ஒருவர்
ஊதுவத்திக் கனத்தில் ஒரு குச்சியை உயர்த்தினார்.
எண்பது பேர் மூச்சை நிறுத்தினார்கள்.
யார் மேலும் படவில்லை அது.
அதற்கும் பெயர் பேட்டனாம்,
பக்கத்து இருக்கைப் பெண் சொன்னாள்.

"ஒரு சொல் போதும், மொழிபெயர்ப்பாளரே."

தேவசகாயத்தின் பக்கம் திரும்புகிறேன்.
எந்தக் கட்டைண்ணே? மரமா, ரப்பரா?

"தெரியலம்மா. மூஞ்சியப் பொத்திக்கிட்டேன்.
அந்தக் கட்டை
இந்தக் கட்டை மேல விழுந்துச்சு."
சட்டையின் மூன்றாவது பொத்தானைத் தொடுகிறார்.
"வேகுற வரைக்கும் இது தாங்கணுமே."

ஒலிப்பதிவுக் கருவியில் சிவப்பு விளக்கு.
தொடுவது அதில் விழாது.

அந்தக் கட்டைக்கு
சோத்தா, என்றேன்.
இந்தக் கட்டைக்கு
நான் வாய் திறப்பதற்குள்
கடிகாரத்தைப் பார்த்தார் யாங் ஆரிஃப்.
"மதியம் இரண்டரைக்குத் தொடரலாம்."

எல்லாரும் எழுந்தார்கள்.
அவர் முதலிலிருந்தே
நின்றுகொண்டுதான் இருந்தார்.