மூன்றாம் கவுண்டர்

கல்லிடைக்குறிச்சிக் கிளையின் மின்விசிறி
சுற்றுக்கு ஒருமுறை எதையோ மறுக்கிறது.
எனக்கு இது நாலாவது வருகை.

முதல் நாள்,
"கடவுச்சீட்டு கொண்டு வந்திருக்கன்" என்றேன்.
"நியூசா வாசிக்கா இவ?"
வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
பாஸ்போர்ட் என்று திருத்திக்கொண்டேன்.

இரண்டாம் நாள், எந்த முகாம் என்று கேட்டார்கள்.
முகாம் இல்லை.
தோகா, கொழும்பு, மதுரை.
ஜன்னலோர இருக்கை, ஒரு பொட்டலம் முந்திரிப்பருப்பு.
விசா இருக்கிறது.
கொக்கிரகுளம் எஸ்.பி. ஆபீசுக்கு
மூன்று நாள் பஸ் ஏறி வாங்கிய
வதிவிடச் சீட்டு இருக்கிறது.
கலியாணச் சான்றும் இருக்கிறது,
பிரம்மநாயகம் அதில் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தபடி.

"வீட்டுக்காரர் கணக்கு இங்கதான இருக்கு,
அதுல போட்டாப் போதாதாம்மா?"
கேட்டவர் நல்லவர், நகை எடை பார்க்கிறவர்.
காற்றுகூடத் தொட்டுவிடாதபடி
கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது அவர் தராசு.
போதாது, அண்ணா.
ஐந்து வருசம் ஓட்டல் படுக்கை விரிப்புகளுக்கு
இஸ்திரி போட்டதற்குக்
கடைசி நாளில் எண்ணித் தந்த காசு அது.
யார் யாரோ புரண்ட சுருக்கமெல்லாம்
என் கையால் நீங்கியது.
அதை இன்னொரு பெயரில் மடித்து வைக்க ஏலாது.

மூன்றாம் நாள் சர்வர் இல்லை.
அந்த நாளைப் பற்றி வேறொன்றும் சொல்ல இல்லை.

இன்றைக்கு மனீஷ் ஜா இருக்கிறார்.
ஊர் தர்பங்கா, வந்து ஏழு மாதம்.
தெரிந்த தமிழ் மூன்று:
கையெழுத்து, சாப்டாச்சா, நாளைக்கு வாங்க.
குடும்பப் பெயர் கேட்கிறது கணினி,
கொடுக்காமல் அடுத்த பக்கம் திறக்காது.
நிரோஜினி. அப்பா கணபதிப்பிள்ளை.
அப்பாவின் பெயர் அப்பாவுடையது,
குடும்பத்துக்கென்று தனியாக ஒன்று
எங்கள் வீட்டில் யாரும் வாங்கி வைக்கவில்லை.

அவர் யோசிக்கிறார், நானும் யோசிக்கிறேன்.
எங்கள் நடுவே ஒரு பாஸ்புக் நுழைகிறது,
பின்னால் செண்பகவடிவு, நகக்கண்ணில் பீடித்தூள்.
"தம்பி, பி.எஃப். பணம் ஏறிட்டான்னு பாரு.
பதினோரு நாளாச்சு."
"நாளைக்கு வாங்க."
"நேத்தும் இதத்தான சொன்ன,
அந்த நாளை என்னைக்குடே வரும்?"
நாளை என்பது மட்டும் விளங்கி
ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறார் ஜா.

சலவைக்கூடத்தில் என் பக்கத்து மேசை கோரக்பூர்,
எதிர் மேசை நேபாளம்.
சண்டைக்கும் சம்பளத்துக்குமாக அங்கே படித்த இந்தி
என்னிடம் கொஞ்சம் மீதமிருந்தது.
எடுத்து நீட்டினேன்.

நிமிர்ந்தார். தட்டிப் பார்த்தார்.
ஆதாரில் ஓர் இலக்கம் பிசகி
பணம் வந்த வழியே திரும்பியிருக்கிறது.
அக்காவிடம் சொன்னேன்.
"இலக்கமா?"
"நம்பர், அக்கா."
"அப்படிச் சொல்லு. ஒன் தமிழும் அவன் இந்தியும்
எனக்கு ஒண்ணுதான் போ."

பிறகு ஓய்வூதியம் ஒன்று, பயிர்க்கடன் இரண்டு,
அழுதுகொண்டே வந்த தொலைந்த ஏ.டி.எம். கார்டு ஒன்று.
ஒன்றேகால் வரைக்கும்
இந்த நாட்டுக்காரர்களை இந்த நாட்டுக்காரரோடு
கதைக்க வைத்தேன்.
நடுவில் யாரோ ஒரு நாற்காலி போட்டார்கள்.

கூட்டம் வடிந்ததும் ஜா என் படிவத்தை எடுத்தார்.
பட்டியலை இழுத்து இழுத்து
ஸ்பெயினுக்கும் சூடானுக்கும் நடுவில்
என் நாட்டைக் கண்டுபிடித்தார்.
குடும்பப் பெயருக்கு ஒரு புள்ளி வைத்தார்.
புள்ளி போதும் என்றது கணினி.

"சாப்டாச்சா?" என்றார்,
கேள்வி என்று தெரிந்து கேட்டாரோ
விடைபெறும் சொல் என்று நினைத்தாரோ.

ராத்திரி சாளை கழுவும்போது போன் அதிர்ந்தது.
கணக்கு எண். முன்பாதி மறைத்து
கடைசி நாலு மட்டும் காட்டியிருந்தார்கள்.
பிரம்மநாயகம் வெங்காயம் உரித்தபடி கேட்டார்,
"எவ்வளவு போடப்போற?"
மீனின் தலையைத் தனியே எடுத்து வைத்தேன்.
"அது வங்கி ரகசியம்."
"பேங்க்" என்று திருத்தினார்.