குதிரை உதைத்த டேங்க்

குதிரை உதைத்துவிட்டது என்றார் கொம்போசுரென்.
மேசையில் வைத்ததும்
டேங்க்குக்குள் ஏதோ உருண்டது.
பாதி உருகிய பனிக்கட்டி.

ஆள் கைவைத்தியம் பார்த்திருக்கிறார்.
கழுத்துவரை தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி,
மைனஸ் முப்பதில் ஓர் இரவு வெளியே வைத்தால்
உறையும் நீர் உள்ளிருந்து தள்ளி
ஒடுக்கை எடுத்துவிடுமாம். மச்சான் சொன்னானாம்.
எடுத்தது, பாதி.
மீதிக் கோபத்தை அடித்தையலில் காட்டி
ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துவிட்டது.

"எந்தக் குதிரை?"
"அந்தச் சாம்பல் நிறம்தான்."
பின்னால் அவர் மனைவி நர்மந்தாக்
என் அடுப்பின் புகைக்குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
இடது மணிக்கட்டில் கட்டு.

அவர்கள் போனபின்
கண்டெய்னர் கதவைச் சாத்திவிட்டு
கையுறையைக் கழற்றித் தடவினேன்.
குளம்பு பட்டால் பிறையாய் விழும், ஓரம் மழுங்கி.
இது குறுகல், ஆழம்,
நடுவில் அறுகோணமாய் ஒரு பொட்டு:
கிளட்ச் பிடியின் போல்ட் தலை.
வண்டி இடப்பக்கம் சாய்ந்து
ஹேண்டில்பார் தன் எல்லையைத் தாண்டித் திரும்பி
சொந்த டேங்கையே இடித்திருக்கிறது.

வெளியே அந்தப் பழைய ரஷ்ய வண்டி
டேங்க் இல்லாமல்
முதுகெலும்பு தெரிய நின்றது.
வாயே திறக்கவில்லை.

பனிக்கட்டி உருக ஒருநாள்.
சோடா கலந்த வெந்நீரில் மூன்று அலசல்.
பிறகும் மூக்கை வைத்துப் பார்த்தேன்,
எங்கோ மூலையில் பெட்ரோல் இருந்தது.
நிறைந்த டேங்க் எரியும், காலி டேங்க்தான் வெடிக்கும்.
பக்கத்துக் கடைக்காரர் வேனின் புகையைக்
குழாய் வழியே ஒரு மணிநேரம் உள்ளே விட்டேன்.
டீசல் வீண் என்று அவர் திட்டினார்.
திட்டட்டும்.

ஒடுக்கின் அடியாழத்தில்
ஒரு பித்தளைப் போல்ட்டை ஈயத்தால் ஒட்டி
ஒரு கையால் இழு,
மறு கையில் மரச்சுத்தியல், கரையை மட்டும் தட்டு.
குழியைக் குழி என்று அடித்தால் வராது.
சுற்றி எழுந்து நிற்கும் மேடு தணிந்தால்
பள்ளம் தானாய் மேலே வரும்,
வரும்போது டப்பென்று ஒரு சத்தம்.
அந்தச் சத்தத்துக்காகத்தான் இந்தத் தொழிலில் இருக்கிறேன்,
வாடகை கேட்பவரிடம் இதைச் சொல்ல முடியாது.

தையலை அடைத்து, வெளியே சாக்பீஸ் தேய்த்து
உள்ளே மண்ணெண்ணெய் விட்டு விடியும்வரை வைத்தேன்.
காலையில் வெண்மையில் ஒரு கறுப்புப் புள்ளி.
மறுபடி ஈயம். மறுபடி சாக்பீஸ்.

பட்டியை மெல்லிசாகத்தான் இழுத்தேன்.
பூசி மெழுகுவது வேறு யாரோ
ஏற்கெனவே செய்துவிட்ட வேலை.

அந்தப் பழைய சிவப்பு
அர்வைக்கேரில் எந்தக் கடையிலும் இல்லை.
இருந்தது ஒரே டப்பா,
கூடாரக் கதவுக்கு அடிக்கும் ஆரஞ்சு.
அடித்தேன்.

எட்டாம் நாள்
வண்டியை எடுக்கக் குதிரையே வந்தது.

கட்டு இல்லை. கையுறை மட்டும்.
அதையும் பல்லால் கடித்து உருவிவிட்டு
இடப்பக்கம் தடவினாள்.
கண்ணுக்குத் தெரியாத இடத்தில்
சரியாக விரல் நின்றது.
"இங்கேதான் உதைத்ததா?" என்றேன்.
கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை.
"அதற்கு இன்னும் கிளட்ச் விடத் தெரியவில்லை."

பேசிய பணத்தை எண்ணிக் கொடுத்தாள்,
மேலே ஒரு பை காய்ந்த தயிர்க்கட்டி,
வேன்காரருக்கும் ஒரு கைப்பிடி.

முதல் உதையில் இருமி அணைந்தது.
இரண்டாவதில் துள்ளி அணைந்தது.
நான் உதவிக்குப் போகவில்லை,
அடுப்பில் சாணம் போடுவதுபோல் குனிந்துகொண்டேன்.
நிமிர்ந்தபோது சாலை முடிந்த இடத்துக்கும் அப்பால்
பனியின் மேல்
ஒரு கூடாரத்தின் கதவு மட்டும்
கூடாரம் இல்லாமல்
மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது,
முதல் கியரிலேயே.