எங்கே சாப்பிட

எங்க போவோம் என்று கேட்டால்
ஜங்ஷன் வேண்டாம் என்கிறாள் ஆவுடைச்செல்வி.
அங்கே ஒரு பரோட்டாக் கடையில்தான்
சால்னா ஆறிப்போச்சென்று
இவள் பக்கம் தட்டைத் தள்ளினானாம்.
டவுனும் வேண்டாம்.
தேரடிப் பக்கத்து மெஸ்ஸில்
அவன் அம்மாவுக்குப் பார்சல் கட்டக் காத்து நின்றே
ஆறு வருசம் போயிருக்கிறது.
பாளை மார்க்கெட், சமாதானபுரம்,
எல்லாவற்றின் மேலும் ஒரு வழக்கு வைத்திருக்கிறாள்.

காலையில்தான் கோர்ட்டில் தீர்ந்தது.
வக்கீல் பீஸ் போகக் கையில் மிச்சம்
ஆயிரத்து எழுநூறு.

வண்ணாரப்பேட்டையில் புதுசாய் ஒரு இத்தாலிக் கடை,
பெருமாள்புரத்தில் இன்னொன்று.
ஸ்கூட்டியை ஆற்றுப்பாலத்தில் ஓரங்கட்டி
போனில் படம் பார்க்கிறோம்.
ஒன்றில் மேசைக்கு மேசை மெழுகுவர்த்தி.
கரண்ட் போன வீடு மாதிரி இருக்கு என்கிறாள்.
மற்றதில், உப்பில்லை என்று
எவனோ எழுதி வைத்திருக்கிறான்.
"உப்பில்லேன்னு சொல்லுதவன் போன கடைக்கு
நான் வரமாட்டேம்ளா."
கீழே தாமிரபரணி
எதையும் சிபாரிசு செய்யாமல்
இருட்டுக்குள் போகிறது.

மெழுகுவர்த்திக்கே போனோம்.
பரிமாறுகிற பையன் சுரண்டைக்காரன்.
ஆர்டரை உள்ளே பார்த்துக் கத்துகிறான்:
"மூணாம் டேபிளுக்குப் பென்னே!"
இவள் திடுக்கிட்டு நிமிர்கிறாள்.
காலையெல்லாம் மனுதாரர், மனுதாரர் என்றே
கூப்பிட்டார்களாம்.

வந்தது.
குழல் குழலாய், வெள்ளைக் குழம்பில்.
நல்லாருக்கா?
ரெண்டு வாய் தின்று, யோசித்துச் சொன்னாள்:
"உப்பில்ல."
பிறகு
கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள்.