ஐந்து புள்ளி எட்டு

கச்சான் அடித்த மாதத்தில் கழுத்துப் பக்கத்து பிக்கப் செத்தது.
ஞாயிறு இரண்டாம் பூசை, காணிக்கைப் பாட்டின் நடுவில்
முதலில் கரகரப்பு,
பிறகு செதில் சுரண்டுவது போல ஒன்று,
பிறகு எதுவும் இல்லை.
மிக்ஸரில் நின்ற லியோன்சி என்னைப் பார்த்தான்.
வயரைச் சரிசெய்கிறவள் போல் குனிந்துகொண்டேன்.

திறந்தால்
ஆறு காந்தக் கட்டைகளின் தலையிலும் துரு.
முடியை விட மெல்லிய செம்புக்கம்பி,
ஏழாயிரத்துச் சொச்சம் சுற்று.
எங்கோ ஒரு சுற்றில் உப்பு நுழைந்து பச்சை பூத்திருக்கிறது.
எந்தச் சுற்று என்று என்னைக் கேக்காதே என்றான் இன்னாசி.
லாஞ்சு டைனமோ கட்டுகிற கை.
"நானே சுத்தித் தாரேன், எரநூறு ரூவா."
டைனமோ பாடாது இன்னாசி என்றேன்.
ஒரு வாரம் பேசவில்லை.

ராத்திரி, கருவாட்டுக் கணக்கை மூடிவிட்டு
போனில் ஒவ்வொன்றாய்க் கேட்கிறேன்.
அல்நிகோ இரண்டு: சாப்பிட்டுப் படுத்தவன் பேசுகிற மாதிரி,
இதமாக, சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கியபடி.
அல்நிகோ ஐந்து: பாரை உடைத்த ஐஸின் விளிம்பு.
செராமிக் மலிவு. ஏலக்காரன் தொண்டை.
இரைச்சலே வராது என்று சத்தியம் செய்யும் ஒரு வகை,
சுருளுக்கு அடியில் இன்னொரு சுருளைப் புதைத்து
ஒன்றின் இரைச்சலை மற்றது தின்னும்படி செய்தது.
மூன்று தடவை கேட்டேன். சுத்தம்தான்.
முள்ளும் தோலும் எடுத்த துண்டு மாதிரி,
பாறையா விளையா என்று
நாக்குக்குத் தெரியவில்லை.

எல்லாமே ஏசி அறையில் வாசித்தவை.
அந்த அறைகளின் பின்சுவரை ஒட்டி
ஐஸ் கம்பெனி கிடையாது.
எங்கள் கோயிலுக்கு உண்டு.
கம்ப்ரஸர் கிளம்பினால் சிங்கிள் காயிலுக்குத்தான் முதலில் கேட்கும்,
ஜி-க்கும் ஜி ஷார்ப்புக்கும் நடுவில்
யாரும் பெயர் வைக்காத சுருதியில் ஒரு ம்ம்ம்.
மௌனமாக ஜெபிப்போம் என்று ஃபாதர் சொல்லும்போது
என் கை வால்யூமைத் தேடும்.

தற்செயலாகக் கண்டுபிடித்தேன்:
கிட்டாரோடு மெல்லத் திரும்பினால்
ஒரு திசையில் அந்த ம்ம்ம் ஒடுங்கிவிடுகிறது.
எங்கள் கோயிலில் அது வடக்கு வாசல்.
கதவு திறந்திருந்தால் கடல்.
பெருநாள் போட்டோவில் பதினோரு பேர் பீடத்தைப் பார்க்க,
நான் மட்டும் நங்கூரம் போட்ட லாஞ்சுகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
பக்தி இல்லாத புள்ள என்று சலேத்து அக்கா சொன்னதாகக் கேள்வி.

கையில் நாலாயிரத்து இருநூறு. மூன்று வாங்கப் போதாது.
கழுத்துக்கு அல்நிகோ ஐந்து, ஐந்து புள்ளி எட்டு கிலோ ஓம்.
நடுவுக்கு எதிர்ச்சுற்றுச் சுற்றியது,
இரண்டும் சேர்ந்து ஒலிக்கையில்
கம்ப்ரஸரோடு அவை பார்த்துக்கொள்ளும்.
பிரிட்ஜ் பக்கம் பழசே இருக்கட்டும்.
பாம்பனைத் தாண்டி வாழ்கிறவர்களுக்கு
பிரிட்ஜ் சத்தம் போட்டால்தான் நம்பிக்கை.

பார்சல் வந்தது. இன்னாசியும் வந்தான், கூப்பிடாமல்,
சால்டரிங் கம்பியோடு.
மதியம் இரண்டு மணி, தகரக் கூரை.
அட்டையில் ஐந்து புள்ளி எட்டு.
மீட்டரில் ஆறு புள்ளி ஒன்று.
ஏமாத்திட்டான் என்றேன்.
"வெயிலு. செம்புக்குச் சூடேறுனா இப்படித்தான் ஏறும்.
மார்கழில வச்சுப் பாரு, எறங்கும்."
என் கை வேர்வையில் ஸ்க்ரூ இரண்டு தடவை நழுவியது.
கூலியாகச் செத்த பிக்கப்பைக் கேட்டான்.
எதற்கு என்று கேட்கவில்லை.

ஞாயிறு வாசித்தேன். நடுவோடு சேர்ந்தவரை நல்ல பிள்ளை.
தனியாக விட்டதும் ம்ம்ம்.
வடக்கே திரும்பினேன்.
லியோன்சி தலையாட்டினான், அது சரி என்றா,
வேறு யாருக்கோவா தெரியவில்லை.

ராத்திரி பதினொன்றரைக்கு இன்னாசியிடமிருந்து ஒரே வரி:
நாலாயிரத்து முன்னூற்றுப் பதினேழாவது சுற்று.