நிமிடத்துக்குத் தொண்ணூற்றாறு

கத்திரி தொடங்கி ஆறாம் நாள்
அகரம்சேரி பால் சங்கத்தில்
மெஷின் என்னைப் பொய்க்காரி என்றது.
கொழுப்பு மூன்று புள்ளி ஒன்று.
எத்திராஜுலு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
"தண்ணி கிண்ணி பட்டுச்சா, பூங்காவனம்?" என்றார்.
பட்டுச்சாவாம்.
நான் என்னவோ கேனைத் திறந்துவைத்து
மழையில் நனையவிட்ட மாதிரி.

பாலாற்றில் இல்லாத தண்ணீர்
என் பாலில் இருக்கிறது.
வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.
லிட்டருக்கு நாலு ரூபாய் குறைத்து எழுதிய சீட்டை
மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தேன்.

சிலேட்டு நின்றுகொண்டிருந்தது.
விடிந்ததிலிருந்து நிற்கிறது.
படுத்தால் வயிற்றில் காற்றுப் படாதென்று
மாட்டுக்கு யார் சொன்னார்கள்?
தகரக் கொட்டகை டக் டக்கென்று வெடிக்க,
கழுத்தை நீட்டி, நாக்கை வெளியே விட்டு,
நூல் நூலாக எச்சில் வடித்து.
தொட்டியில் தவிடு காய்ந்து
பிளந்த ஏரி மண் ஆகியிருந்தது.

டாக்டர் நஸ்ரின் ஹெல்மெட்டைக் கழற்றாமலே
"விலாவைப் பாருங்க, ஏறி இறங்கினா ஒண்ணு" என்றார்.
செல்போனில் ஒரு நிமிடம் வைத்து
இருவரும் வாய்க்குள் எண்ணினோம்.
அவருக்குத் தொண்ணூற்றெட்டு. எனக்குத் தொண்ணூற்றாறு.
"உங்க கணக்கே இருக்கட்டும்" என்றார்,
அந்த வாரத்தில் என் சொல்லை நம்பிய ஒரே ஆள்.

எச்சில்தான் அதன் சோடாவாம்.
அசைபோட்டு விழுங்கி வயிற்றுப் புளிப்பை ஆற்றுமாம்.
அதைத்தான் இப்படி மண்ணில் ஊற்றிக்கொண்டிருக்கிறது.
தீனியும் ஓர் அடுப்பு;
காலையில் போட்டால் நடுவெயிலில் எரியும்.
எழுதித் தந்தார்:
தாது உப்பு, ஆப்பச் சோடா, ஈஸ்ட் தூள், கொஞ்சம் கல்லுப்பு.
விடியுமுன் பாதி, ராத்திரி ஒன்பதுக்கு மேல் பாதி.
நிழலும் தண்ணீரும் இல்லாவிட்டால் எதுவும் பலிக்காது,
இதற்கு மட்டும் அடியில் இரண்டு கோடு.

பள்ளிகொண்டா மளிகையில் பையன்
"ரெண்டு கிலோ சோடாவா? கல்யாண பஜ்ஜியா?" என்றான்.
"மாட்டுக்குப்பா."
"மாடு இன்னாத்துக்கு பஜ்ஜி துண்ணுது?"
அன்றைக்கு நான் சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.

கன்னியப்பன்
ஆம்பூர் ஷூ கம்பெனியில் ராத்திரி வேலை முடித்து வந்து
தகரத்தின்மேல் கீற்று ஏற்றினார்.
இறங்கி, பொட்டல விலையைப் படித்தார்.
"எனக்கொரு குளுக்கோஸ் பாக்கெட் வாங்கினியா எப்பனா?"
வாங்கியதில்லை.
மறுநாள் வாங்கினேன்.

காலண்டர் ஓரத்தில் பென்சிலால்:
தொண்ணூறு. தொண்ணூற்றிரண்டு. எண்பத்தேழு.
கரண்ட் போய் மின்விசிறி நின்ற நாள், நூற்றி நாலு.
அன்று பொட்டலத்தைக் குப்பையில் வீசப் போனேன்.
விலை நினைவுக்கு வந்தது.
எழுபத்தெட்டு. எழுபத்தொன்று.

பதினாறாம் நாள் மத்தியானம்
கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தால் சிலேட்டு இல்லை.
நெஞ்சு நின்றது.
தொட்டிக்குப் பின்னால்
படுத்திருந்தது,
கண்ணை மூடி, அசைபோட்டுக்கொண்டு.

பால் ஒன்றரை லிட்டர் கூடியது. கொழுப்பு மூன்று புள்ளி ஏழு.
கூடிய காசில் பாதியைப் பொட்டலம் தின்றது.
எத்திராஜுலு சீட்டைக் கிழித்துத் தந்தார்.
ஏதாவது சொல்வாரென்று
இரண்டு நொடி கூடுதலாக நின்றேன்.
"அடுத்த ஆளு" என்றார்.

சாயங்காலம் சைக்கிளில் வந்தார்.
அவர் எருமைக்கும் நுரை தள்ளுகிறதாம்.
"சோடா எவ்ளோ போடறம்மா?"
"தண்ணி கிண்ணி காட்டினீங்களா?" என்றேன்.
பெல்லைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.
பிறகு சொன்னேன்:
நாளைக்கு ஐம்பது கிராம், ரெண்டு வேளையாகப் பிரித்து.

ராத்திரி.
மொட்டை மலைகள் பகலைத் திருப்பித் தருகின்றன.
நாலுவழிச் சாலையில் பெங்களூர் லாரிகள்.
பாயில் மல்லாந்து
என் விலாவில் கைவைத்து எண்ணினேன்.
பதினாறு, பதினேழு...
இருட்டுக்குள் சிலேட்டு ஒரு பெருமூச்சு விட,
கணக்கு விட்டுப்போயிற்று.