மேசைக்கு அடியில் எரிமலை

கொருக்குப்பேட்டைப் பள்ளிக்கூடம்.
அறிவியல் கண்காட்சி. ஏழாவது மேசை.
மேலே நின்று பேசுகிறவள் ஜெசிந்தா.
மேசைவிரிப்புக்குள் குந்தியிருப்பவன் நான், கஜபதி.
பூமியின் அடிவயிறு.

கையில் பற்பசை, பெரிய டியூப்.
தலைக்கு மேலே பலகையில் ஒரு ஓட்டை.
அவள் காலால் உதைத்தால் நான் அமுக்கணும்.
மெதுவா. ரொம்ப மெதுவா.

பக்கத்து மேசையில் சோடா உப்பும் வினிகரும்
சிவப்பாய்ப் பொங்கித் தரையெல்லாம் நுரை.
கைதட்டல். அந்தப் பக்கம் ஓடும் செருப்புகள்.
எங்கள் முன்னால் இரண்டே இரண்டு கறுப்பு ஷூ.
நடுவர்.

"உங்களுது எப்பம்மா வெடிக்கும்?"

"இப்பவே வந்துட்டுதான் சார் இருக்கு.
ரசம் கொட்டினா ஓடும், களி கொட்டினா ஓடுமா?
சில மலைக்குள்ள இருக்கிற குழம்பு களி மாதிரி.
சிலிக்கா ஜாஸ்தி, பிசுக்கு ஜாஸ்தி.
வாயை விட்டு வந்ததும்
நகர மனசில்லாம அங்கேயே குவிஞ்சிடும்."

ஒரு உதை. அமுக்கினேன்.

"மேல்தோல் முதல்ல ஆறிக் கல்லாயிடும்.
உள்ளே இன்னும் தணல்தான்.
கீழேருந்து புதுசு வந்து முட்ட முட்ட
பழைய தோல் இழுபட்டு விரிசல் விட்டு
துண்டு துண்டா உருண்டு காலடியில சேரும்.
மாசக்கணக்கா வளரும், சிலது வருஷக்கணக்கா.
லாவா குவிமாடம்னு பேரு."

இன்னொரு உதை. கை வலித்தது. அமுக்கினேன்.

"அப்போ சாது மலைன்னு சொல்லு."

அவள் வாய் திறக்குமுன்
கேட் மணி. சரக்கு ரயில்.
மேசையின் நாலு காலும் நடுங்க
மேலே பொத்தென்று ஒரு சத்தம்.
காலையிலிருந்து ஃபேன் காற்றில் காய்ந்த ஒரு பக்கம்
அப்படியே பெயர்ந்து,
கறுப்பு ஷூவின் மேல் வெள்ளையாய்,
புதினா வாசனையோடு.

எனக்கு மூச்சே வரவில்லை.
ஜெசிந்தாவுக்கு வந்தது.

"இதுதான் சார்! இப்படி ஒரு பக்கம் சரிஞ்சா
உள்ளே அடைஞ்சு கிடந்த சூட்டுக் காத்து,
சாம்பல், கல்லு எல்லாம் சேர்ந்து
அந்த ரயிலை விட வேகமா இறங்கும்.
அதான் ஓடாத மலையையும்
ராப்பகலா கண்காணிக்கிறாங்க."

ஷூ நகரவில்லை.
விரிப்பு மெல்லத் தூக்கப்பட்டது.
மூக்குக்கண்ணாடியோடு ஒரு முகம், தலைகீழாக.

"நீ யாருப்பா?"

"அழுத்தம் சார்" என்றேன்.

முதல் பரிசு நுரைக்கு.
எங்களுக்கு மூன்றாவது.
எங்கள் வீட்டில் அந்த வாரம் முழுக்க
எல்லாருக்கும் பல்பொடி.